நோக்கக் கடிதம் (பல்கலைக்கழக அனுமதி)

நோக்கக் கடிதம் என்பது பல்கலைக்கழகம் ஒன்றில் சேர விண்ணப்பிக்கும் மாணவர், தாம் ஏன் ஒரு குறிப்பிட்ட பாடத்தைப் படிக்க விரும்புகிறார் என்பதையும், அதற்குத் தம்மை எவ்வாறு ஆயத்தப்படுத்திக்கொண்டுள்ளார் என்பதையும் தம் சொற்களில் விளக்கி எழுதும் சிறு கட்டுரை ஆகும். மதிப்பெண் சான்றிதழ், ஆசிரியரின் பரிந்துரை ஆகியவற்றுடன் சேர்த்து அனுப்பப்படும் இது, விண்ணப்பத்தில் மாணவர் நேரடியாகப் பேசும் ஒரே பகுதியாகப் பெரும்பாலும் அமைகிறது. ஒத்த மதிப்பெண் பெற்ற இருவருள் ஒருவரைத் தெரிவு செய்யவேண்டிய நிலையில், இக்கடிதம் முடிவைத் தீர்மானிக்கக்கூடும். இதனாலேயே இக்கடிதத்தை எழுதுவதற்கு யாருக்கு உதவி கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை என்பது நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வருகிறது.

இக்கட்டுரை ஐக்கிய இராச்சியத்தின் இளநிலைப் பட்டப்படிப்பு அனுமதி முறையில் இக்கடிதம் பெறும் இடத்தை முதன்மையாகக் கொண்டு அமைந்துள்ளது. பிற நாடுகளின் வழக்கங்கள் சுருக்கமாகத் தரப்பட்டுள்ளன.

பெயர்கள்

இதற்கு எல்லா நாடுகளிலும் ஒரே பெயர் வழங்குவதில்லை. ஐக்கிய இராச்சியத்தில் இளநிலைப் படிப்புக்கு எழுதப்படுவது பெர்சனல் ஸ்டேட்மென்ட் எனப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் முதுநிலை, முனைவர்ப் படிப்புகளுக்கு எழுதப்படுவது ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ் எனவும், சுருக்கமாக எஸ்ஓபி எனவும் வழங்கும். ஐரோப்பாவின் பிற பகுதிகளில் மோட்டிவேஷன் லெட்டர் என்ற பெயரே பரவலாக உள்ளது. ஜெர்மன் மொழியில் இது மோட்டிவாட்சியோன்ஸ்ஷ்ரைபன் ஆகும். சென்னை, கொழும்பு போன்ற நகரங்களில் வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் முகவர்களிடையே எஸ்ஓபி என்ற சொல்லே எல்லா வகைகளுக்கும் பொதுவாக வழங்குவதால் குழப்பம் நேர்வதுண்டு. முதுநிலை ஆய்வுக்கென எழுதப்பட்ட மாதிரி ஒன்றைப் பார்த்து இளநிலை விண்ணப்பத்தை எழுதும் மாணவர், கேட்கப்படாத கேள்விக்கு விடை எழுதியவராகிறார்.

தோற்றம்

மாணவர் தம்மைப் பற்றித் தாமே எழுதி அனுப்பும் வழக்கத்தின் தொடக்கம் அவ்வளவு பெருமைக்குரியது அன்று. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா போன்ற அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் தேர்வு அடிப்படையிலேயே மாணவர்களைச் சேர்த்தன. தேர்ச்சி பெற்றவர்களுக்கு இடம் கிடைத்தது. இதனால், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் கணிசமான எண்ணிக்கையில் உள்ளே வந்தனர். 1922 இல் ஹார்வர்டு மாணவர்களில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கினர் யூதர்களாக இருந்தனர். அப்போதைய தலைவரான ஏ. லாரன்ஸ் லோவெல் இதற்கு வெளிப்படையாகவே ஒரு வரம்பு விதிக்க முயன்றார். அது கடும் எதிர்ப்புக்கு உள்ளானது.

வெளிப்படையான வரம்புக்குப் பதிலாக வந்தவை மறைமுகமானவை. மதம், தந்தையின் பிறப்பிடம், குடும்பப் பெயரில் செய்யப்பட்ட மாற்றம் ஆகியவற்றை வினவும் படிவங்கள், ஒளிப்படம், நேர்காணல், பரிந்துரைக் கடிதம், பள்ளிக்கு வெளியே ஆற்றிய செயல்கள், தன்னைப் பற்றிய கட்டுரை ஆகியன 1920களில் அனுமதி முறையின் உறுப்புகளாயின. "நற்பண்பு", "தலைமைத் தகுதி" போன்ற அளக்கமுடியாத அளவுகோல்கள் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. சமூகவியலாளர் ஜெரோம் காரபெல் 2005 இல் வெளியிட்ட த சோசன் என்னும் நூல் இவ்வரலாற்றை விரிவாக ஆராய்கிறது.

அதே கருவி பின்னாளில் நேரெதிரான நோக்கத்துக்கும் பயன்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. சிறுபான்மையினரும் ஏழைக் குடும்பத்தினரும் தம் சூழலை எடுத்துக்கூற இக்கட்டுரையே இடம் தந்தது. 2023 சூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், அனுமதியில் இனத்தைக் கருத்தில் கொள்வது அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தபோதும், தம் வாழ்வில் இனம் ஏற்படுத்திய தாக்கத்தை மாணவர் கட்டுரையில் எழுதுவதையும், அதை அவருடைய பண்பு அல்லது திறமையோடு தொடர்புபடுத்திப் பல்கலைக்கழகம் கருதுவதையும் தடை செய்யவில்லை.

ஐக்கிய இராச்சியத்தில்

ஐக்கிய இராச்சியத்தில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியே விண்ணப்பிக்கும் முறை இருந்தது. இதை ஒருங்கிணைப்பதற்காக 1961 இல் யூசிசிஏ எனப்படும் நடுவண் அமைப்பு உருவாக்கப்பட்டது. பல்தொழில்நுட்பக் கல்லூரிகள் 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பல்கலைக்கழகங்களாகும் தகுதி பெற்றதை ஒட்டி, அவற்றின் அனுமதி அமைப்பும் யூசிசிஏயும் இணைந்து இன்றுள்ள யூகாஸ் உருவானது. இதன் தலைமையகம் செல்ட்டனம் நகரில் உள்ளது.

யூகாஸ் வழியாக விண்ணப்பிக்கும் மாணவர் ஐந்து இடங்கள் வரை தெரிவு செய்யலாம். மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் ஆகியவற்றுக்கு நான்கே இடங்கள். ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் ஒரே ஆண்டில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்க இயலாது. இவ்விரண்டுக்கும், மருத்துவம் சார்ந்த படிப்புகள் பெரும்பாலானவற்றுக்கும் இறுதி நாள் அக்டோபர் 15. ஏனையவற்றுக்கு சனவரியில் அமையும்.

இம்முறையின் முக்கியமான இயல்பு, ஐந்து இடங்களுக்கும் ஒரே கடிதமே செல்லும் என்பதாகும். ஆகவே ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லிப் புகழ்வது மற்ற நான்கையும் புண்படுத்துவதற்கு ஒப்பானது. வெவ்வேறு பாடங்களுக்கு ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பவருக்கும் இது சிக்கலைத் தருகிறது. வரலாற்றுக்கு மூன்று இடங்களிலும் சட்டத்துக்கு இரண்டு இடங்களிலும் விண்ணப்பிப்பவரின் கடிதம் இரண்டு துறையினருக்கும் அரைமனதாகவே தோன்றும்.

கடிதத்தின் நீளம் எழுத்து, இடைவெளி, நிறுத்தக்குறி அனைத்தும் சேர்த்து 4000 குறிகளுக்கு மிகாமல் இருத்தல் வேண்டும். ஆங்கிலத்தில் இது ஏறக்குறைய 600 சொற்களுக்குச் சமம். 2025 ஆம் ஆண்டுக்கான அனுமதி வரை இது தலைப்புகள் எவையும் அற்ற ஒரே தொடர் கட்டுரையாக இருந்தது. 47 வரிகள் என்ற இன்னொரு வரம்பும் அப்போது இருந்தது. பத்திகளுக்கு இடையே வெற்று வரி விட்டால் இடம் போய்விடும் என்பதால், நெருக்கியடித்து எழுதப்பட்ட கடிதங்களே அன்று மிகுதி.

எழுதும் முறை

கடிதத்தைப் படிப்பவர் பெரும்பாலும் அப்பாடத்தைக் கற்பிக்கும் விரிவுரையாளர் அல்லது அனுமதி அலுவலர் ஆவார். அவர் நூற்றுக்கணக்கான கடிதங்களைப் படிக்கிறார். உயர்கல்விக் கொள்கை நிறுவனமான ஹெப்பி 2023 இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு கடிதத்தைப் படிக்கச் செலவிடப்படும் நேரம் சராசரியாக இரண்டு நிமிடங்களே. மாணவர் வாரக்கணக்கில் எழுதித் திருத்தும் ஒன்று இரண்டு நிமிடங்களில் முடிந்துவிடுகிறது என்பது சற்றுக் கசப்பான செய்திதான். எனினும் எழுதும் முறையை இது தெளிவாக்குகிறது. முதல் சில வரிகளிலேயே பாடத்தைப் பற்றிய செய்தி ஒன்று இருத்தல் வேண்டும்.

படிப்பவர் தேடுவது ஆர்வம் உண்டு என்ற கூற்றை அன்று, அதற்கான சான்றையே தேடுகிறார். "எனக்கு இயற்பியலில் தணியாத வேட்கை உண்டு" என்று எழுத யாருக்கும் எந்தச் செலவும் இல்லை. ஆனால் பாடநூலுக்கு வெளியே படித்த ஒன்று, செய்து பார்த்த ஒன்று, புரியாமல் நின்ற ஒன்று, பின்னர் புரிந்துகொண்ட விதம் ஆகியவற்றை எழுத, அவற்றைச் செய்திருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து குடிசார் பொறியியல் படிக்க விண்ணப்பிக்கும் மாணவி ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். குடாநாட்டில் பெரிய ஆறுகள் இல்லை. சுண்ணக்கல் பாறையில் தங்கும் மழைநீரைக் கிணறுகள் வழியே பெற்று மக்கள் வாழ்கின்றனர். அம்மாணவி முதல் வரைவில் பின்வருமாறு எழுதுகிறார் எனக் கொள்க:

"சிறு வயது முதலே நீர்வளத்தில் எனக்குப் பேரார்வம் இருந்து வந்தது. நீரின்றி உலகில் எதுவும் இல்லை. புகழ்பெற்ற தங்கள் பல்கலைக்கழகத்தில் கற்று என் நாட்டு மக்களுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதை யாரும் எழுதலாம். இரண்டாம் வரைவில் அவரே பின்வருமாறு எழுதக்கூடும்:

"எங்கள் ஊரில் பன்னிரண்டு கிணறுகளின் நீரை எடுத்து, பள்ளி ஆய்வுகூடத்தில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைக் கொண்டு குளோரைடின் அளவைக் கண்டறிந்தேன். கடலுக்கு அண்மையில் உள்ள கிணற்றில்தான் உப்பு மிகுதியாக இருக்கும் என எதிர்பார்த்தேன். ஆனால் கடலிலிருந்து தொலைவில், இயந்திரம் கொண்டு நாள்முழுதும் நீர் இறைக்கும் தோட்டக் கிணறு ஒன்றில் அளவு கூடுதலாக இருந்தது. முதலில் என் அளவீடு தவறு என்றே எண்ணி மீண்டும் இருமுறை செய்தேன். பின்னர்தான், நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது என்பதையும், நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பதையும் படித்தேன். அப்படியானால் மேலே சிறிதளவு குறைந்தாலும் கீழே பெருமளவு குறையும். சுண்ணக்கல்லில் உள்ள வெடிப்புகளும் குகைகளும் இக்கணக்கை எவ்வளவு மாற்றும் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை."

இரண்டாவது வரைவில் "ஆர்வம்" என்ற சொல்லே இல்லை. கைபென்-ஹெர்ட்ஸ்பெர்க் தொடர்பு எனப்படும் விதியை அவர் சரியாகப் புரிந்துகொண்டிருப்பதும், எதிர்பாராத விடை வந்தபோது தம் அளவீட்டையே முதலில் ஐயுற்றதும், விளங்காததை ஒப்புக்கொண்டதும் தெரிகின்றன. ஒரு பொறியியல் ஆசிரியருக்கு இவை மூன்றும் மதிப்பெண் பட்டியலில் கிடைக்காத செய்திகள் ஆகும்.

படிக்காத நூலைப் படித்ததாக எழுதுவது இடரானது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் போன்ற, நேர்காணல் நடத்தும் பல்கலைக்கழகங்களில் கடிதத்தில் குறிப்பிட்ட நூலிலிருந்தே உரையாடல் தொடங்கக்கூடும். பத்து நூல்களின் பெயர்களை அடுக்குவதைக் காட்டிலும், ஒரு நூலின் ஒரு வாதத்தோடு ஏன் உடன்படவில்லை என இரண்டு வரி எழுதுவது மேலானது.

பள்ளிக்கு வெளியே ஆற்றிய செயல்களுக்கு ஐக்கிய இராச்சியத்தில் அமெரிக்காவில் உள்ள அளவுக்கு இடம் இல்லை. மாணவர் தலைவர் பதவி, கிரிக்கெட் அணி, பரதநாட்டிய அரங்கேற்றம் ஆகியன பாடத்தோடு தொடர்பு இல்லாவிடில் ஓரிரு வரிகளே பெறத்தக்கவை. போட்டி மிகுந்த பல்கலைக்கழகங்கள் கடிதத்தின் பெரும்பகுதி பாடத்தைப் பற்றியதாக இருத்தல் வேண்டும் என வெளிப்படையாகவே அறிவுறுத்துகின்றன. மருத்துவம், செவிலியம், ஆசிரியப் பயிற்சி போன்றவற்றில் நிலை வேறு. அங்கே மக்களோடு பழகிய அனுபவம் எதிர்பார்க்கப்படுகிறது. அதிலும் எத்தனை நாள் மருத்துவமனையில் நின்றார் என்பதைவிட அங்கே எதைக் கவனித்தார் என்பதே பொருட்படுத்தப்படும். முதியோர் இல்லத்தில் மூன்று மாதம் உணவு பரிமாறியவர், அறுவை அரங்கில் ஒரு நாள் ஓரமாக நின்றவரைக் காட்டிலும் எழுதுவதற்கு மிகுதியான செய்திகளை உடையவராக இருக்கலாம்.

குறைந்த மதிப்பெண், நோயால் தடைப்பட்ட ஆண்டு, போர் அல்லது இடப்பெயர்வால் மாறிய பள்ளி போன்றவற்றை விளக்க, ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமே பொருத்தமான இடமாகும். மாணவர் தம் கடிதத்தின் குறுகிய இடத்தை அதற்குச் செலவிட வேண்டியதில்லை. ஆயினும் ஆசிரியர் அதை அறிந்து எழுதுகிறாரா என்பதை முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ளல் வேண்டும்.

படியெடுத்தல்

2007 இல் யூகாஸ் ஏறக்குறைய 50,000 கடிதங்களைக் கணினி மென்பொருள் கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தது. எட்டு வயதில் வேதியியல் சோதனை செய்யும்போது இரவு உடையில் ஓட்டை விழுந்ததாக 234 பேர் எழுதியிருந்தது அப்போது தெரியவந்தது. இணையத்தில் மாதிரியாக வைக்கப்பட்டிருந்த ஒரு கடிதத்தின் நிகழ்ச்சியே இவ்வாறு 234 குழந்தைப் பருவங்களில் நிகழ்ந்திருந்தது. மூப்புற்ற அல்லது நோயுற்ற தாத்தாவைக் குறிப்பிட்டவர்கள் 175 பேர். இதையடுத்து, 2008 ஆம் ஆண்டு அனுமதிக்கான விண்ணப்பங்களிலிருந்து எல்லாக் கடிதங்களும் முந்தைய கடிதங்களின் தொகுப்போடு ஒப்பிடப்படுகின்றன. ஒற்றுமை கண்டறியப்பட்டால் மாணவருக்கும் அவர் விண்ணப்பித்த பல்கலைக்கழகங்களுக்கும் அறிவிக்கப்படும். விண்ணப்பத்தை நிராகரிப்பதா என்பதைப் பல்கலைக்கழகமே முடிவு செய்யும்.

படியெடுக்காதவர்களும் ஒரே மாதிரி எழுதுவது இன்னொரு சிக்கல். மிகுதியாகப் பயன்படுத்தப்பட்ட தொடக்க வரிகளை யூகாஸ் வெளியிட்டபோது, "சிறு வயது முதலே" என்னும் பொருள்படத் தொடங்கும் வரி ஓர் ஆண்டிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்களில் காணப்பட்டது.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானதற்குப் பின் இச்சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. செயற்கை நுண்ணறிவுச் செயலி புதிதாகச் சொற்களைக் கோத்துத் தருவதால், ஒப்பிடும் மென்பொருளுக்கு அது எளிதில் அகப்படுவதில்லை. கடிதம் தம்முடையதே என்றும், செயற்கை நுண்ணறிவு மென்பொருள் உட்பட வேறு எதிலிருந்தும் எடுத்து வழங்கப்பட்டது அன்று என்றும் மாணவர் உறுதி கூறுதல் வேண்டும். கருத்துகளைத் திரட்டவும் அமைப்பைச் சரிபார்க்கவும் அதைத் துணைகொள்வதை யூகாஸ் தடுக்கவில்லை; முழுவதையும் எழுதச் செய்து தம்முடையதாக அனுப்புவது ஏமாற்றாகக் கருதப்படலாம். நடைமுறையில் இதைவிட வலுவான தடை ஒன்று உண்டு. மேலே கூறப்பட்ட தோட்டக் கிணற்றின் உப்பளவு எந்தச் செயலிக்கும் தெரியாது.

யாருக்குச் சாதகம் என்னும் விவாதம்

மதிப்பெண் மட்டும் ஒரு மாணவரைக் காட்டாது என்ற நல்லெண்ணத்தோடு பேணப்படும் இக்கடிதம், உண்மையில் மாணவரின் குடும்பத்தையும் பள்ளியையும்தான் காட்டுகிறதா என்ற கேள்வி 2010களில் வலுப்பெற்றது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் ஜோன்ஸ், சட்டன் அறக்கட்டளைக்காக 2012 இல் வெளியிட்ட ஆய்வில் ஒத்த மதிப்பெண் பெற்ற ஏறக்குறைய 300 மாணவர்களின் கடிதங்களை ஒப்பிட்டார். கட்டணம் பெறும் தனியார் பள்ளி மாணவர்களின் கடிதங்களில் எழுத்துப் பிழைகளும் இலக்கணப் பிழைகளும் குறைவாக இருந்தன. அவர்கள் குறிப்பிட்ட பணி அனுபவங்கள் எண்ணிக்கையிலும் மதிப்பிலும் உயர்ந்தவையாக இருந்தன. பெற்றோருக்கும் உறவினருக்கும் அறிமுகமானவர்கள் வழியே சட்ட நிறுவனத்திலோ ஊடகத்திலோ சில வாரங்கள் நிற்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டியது. அரசுப் பள்ளி மாணவர் எழுதக்கூடியது பெரும்பாலும் கடையில் வார இறுதியில் செய்த பகுதிநேர வேலையே.

அதே ஆய்வாளர் 2016 இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, நல்ல கடிதம் எது என்பதில் பள்ளி ஆசிரியர்களுக்கும் பல்கலைக்கழக அலுவலர்களுக்கும் இடையே பெரும் கருத்து வேறுபாடு இருப்பதைக் காட்டியது. ஆசிரியர்கள் சொந்த வாழ்க்கைக் கதையையும் அழகிய நடையையும் விரும்பினர். பல்கலைக்கழகத்தினர் பாடத்தைப் பற்றிய சிந்தனையையே விரும்பினர். உதவி கிடைக்காத மாணவர் மட்டுமன்றி, நல்லெண்ணத்தோடு தவறான உதவி பெற்ற மாணவரும் பாதிக்கப்படுகிறார் என்பதே இதன் பொருள்.

யூகாஸ் பின்னர் மாணவர்களிடம் நடத்திய கருத்தாய்வில் 83 விழுக்காட்டினர் கடிதம் எழுதுவது மன அழுத்தம் தருவதாகவும், 79 விழுக்காட்டினர் பிறர் உதவியின்றி எழுதுவது கடினம் எனவும் கூறினர். எனினும் கடிதமே வேண்டாம் என்ற முடிவுக்கு மாணவர்கள் வரவில்லை. தம்மைப் பற்றிச் சொல்ல ஓர் இடம் இருப்பதைப் பெரும்பான்மையினர் விரும்பினர்.

மூன்று வினாக்கள்

இவ்விவாதத்தின் விளைவாக, தொடர் கட்டுரைக்குப் பதிலாக மூன்று வினாக்களை அமைக்கும் மாற்றத்தை யூகாஸ் 2024 சூலையில் அறிவித்தது. 2026 ஆம் ஆண்டு அனுமதிக்கு விண்ணப்பித்தவர்கள் இப்புதிய வடிவில் எழுதிய முதல் மாணவர்கள் ஆவர். முதல் வினா, இப்பாடத்தைப் படிக்க விரும்புவது ஏன் என்பது. இரண்டாவது, இதுவரை பெற்ற கல்வி அதற்கு எவ்வாறு ஆயத்தம் செய்தது என்பது. மூன்றாவது, கல்விக்கு வெளியே வேறு என்ன செய்துள்ளீர், அது ஏன் பயனுடையது என்பது. மொத்த அளவு முன்போலவே 4000 குறிகள். ஒவ்வொரு விடையும் 350 குறிகளுக்குக் குறையலாகாது. மீதியை மாணவர் விரும்பியவாறு பகிர்ந்துகொள்ளலாம்.

கவர்ச்சியான தொடக்க வரியைத் தேடி நாள்களைச் செலவிடும் தேவையை இம்மாற்றம் பெரிதும் நீக்கிவிட்டது. ஒரு செய்தியை எந்த வினாவின் கீழ் எழுதுவது என்ற ஐயம் எழலாம். எங்கு எழுதினாலும் மூன்று விடைகளும் ஒன்றாகவே படிக்கப்படும் என்பதால் அதையே திரும்பவும் எழுதாதிருத்தல் போதுமானது. மூன்றாம் வினா வசதியுள்ளவர்களுக்கே சாதகமாக இருக்கும் என்ற குறை தொடர்ந்து கூறப்படுகிறது. வீட்டில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வது, பகுதிநேர வேலை ஆகியவற்றையும் இவ்விடத்தில் எழுதலாம் என யூகாஸின் வழிகாட்டி கூறுகிறது.

பிற நாடுகளில்

பிரான்சில் 2018 இல் தொடங்கிய பார்கூர்சூப் என்னும் நடுவண் முறையில், மாணவர் தாம் விரும்பும் ஒவ்வொரு படிப்புக்கும் 1500 குறிகளுக்குள் தம் நோக்கத்தை எழுதுமாறு கேட்கப்பட்டனர். ஜெர்மனியில் இளநிலைப் படிப்புகளில் இடம் பெரும்பாலும் பள்ளி இறுதி மதிப்பெண்ணாலேயே முடிவாகிறது. நோக்கக் கடிதம் முதுநிலைப் படிப்புகளிலும் உதவித்தொகைகளிலுமே முதன்மை பெறுகிறது. அங்கே எழுதும் முறையும் வேறு. சொந்தக் கதையைக் குறைத்து, முன்பு கற்ற பாடங்கள் இனிக் கற்கவுள்ள பாடத்திட்டத்தோடு எவ்வாறு பொருந்துகின்றன என்பதைப் பெயர் சுட்டி எழுதுவதே விரும்பப்படுகிறது.

ஐக்கிய அமெரிக்காவில் 1975 இல் 15 கல்லூரிகள் சேர்ந்து தொடங்கிய காமன் அப்ளிகேஷன் என்னும் பொது விண்ணப்பம் 250 முதல் 650 சொற்கள் கொண்ட கட்டுரையைக் கேட்கிறது. இதில் பாடத்தைவிட மாணவரின் வாழ்வும் குணமுமே பேசப்படும். ஆகவே அமெரிக்காவுக்கு எழுதியதை அப்படியே இங்கிலாந்துக்கு அனுப்புவது பயனற்றது.

நெதர்லாந்தின் அனுபவம் தனித்துக் குறிப்பிடத்தக்கது. அங்கே மருத்துவம் போன்ற இடவரம்புள்ள படிப்புகளுக்கு மதிப்பெண்ணோடு இணைந்த குலுக்கல் முறை நெடுங்காலம் இருந்தது. 2017 இல் அது முற்றிலும் நீக்கப்பட்டு, தேர்வு, நோக்கக் கடிதம் முதலியவற்றால் பல்கலைக்கழகங்களே தெரிவு செய்யும் முறை வந்தது. தெரிவு முறை வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சாதகமாக அமைகிறது என்ற கவலை எழுந்ததால், 2024-25 கல்வியாண்டு முதல் குலுக்கல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

தமிழ் மாணவர்களும் நோக்கக் கடிதமும்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அரசுப் பல்கலைக்கழக அனுமதியில் இக்கடிதத்துக்குப் பொதுவாக இடம் இல்லை. தமிழ்நாட்டில் பொறியியல் இடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டு கலந்தாய்வு மூலம் நிரப்பப்படுகின்றன. அதற்கு முன் இருந்த மாநில நுழைவுத் தேர்வு 2007 இல் கைவிடப்பட்டது. மருத்துவ இடங்களுக்கு நீட் தேர்வு உள்ளது. இலங்கையில் க.பொ.த உயர்தரத் தேர்வின் இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் முடிவு செய்கின்றன. ஏன் இப்பாடத்தைப் படிக்க விரும்புகிறாய் என்ற கேள்வியை எழுத்தில் எதிர்கொள்ளாமலேயே இம்மாணவர்கள் பட்டப்படிப்பு வரை செல்ல முடியும்.

இதனால் வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, பள்ளியில் பழகிய ஒரே கடித வடிவமான விடுப்பு விண்ணப்பத்தின் சாயல் இதிலும் படிவதைக் காணலாம். "மதிப்பிற்குரிய ஐயா" என்ற விளியும், பணிவும், பல்கலைக்கழகத்தின் பெருமையைப் புகழும் பத்தியும், இறுதியில் வாய்ப்பளிக்குமாறு வேண்டுதலும் அதன் அடையாளங்கள். தமிழில் இவை நன்மரபு. யூகாஸ் கடிதத்தில் இவற்றுக்குத் தேவை இல்லை, விளியும் கையொப்பமும்கூடத் தேவையில்லை. மறுபுறம், தன்னைப் பற்றித் தானே சொல்வது தற்புகழ்ச்சி எனக் கருதி, உண்மையாகச் செய்த செயல்களையே விட்டுவிடும் மாணவர்களும் உளர். செய்ததை அளவோடு சொல்வது தற்புகழ்ச்சி ஆகாது. படிப்பவர் அதை அறிய வேறு வழி இல்லை.

இவ்வெற்றிடத்தைப் பயன்படுத்திக் கட்டணம் பெற்றுக் கடிதம் எழுதித் தரும் முகவர்கள் உருவாகியுள்ளனர். ஒரே எழுத்தாளர் பலருக்கு எழுதும்போது சொற்றொடர்கள் திரும்ப வருவதும், ஒப்பிடும் மென்பொருளில் அகப்படுவதும் இயல்பு. பெயர் மாணவருடையது என்பதால் விளைவும் மாணவருக்கே. கட்டணம் செலுத்த இயலாதவர்கள், தம் ஊர்ப் பள்ளியின் ஆங்கில ஆசிரியரிடமும் பாட ஆசிரியரிடமும் தனித்தனியே வரைவைக் காட்டலாம். முன்னவர் பிழைகளைக் காண்பார். பின்னவர் அதில் பாடம் இருக்கிறதா என்பதைக் காண்பார். முதல் வரைவைத் தமிழிலேயே எழுதிப் பார்ப்பதும் பலருக்கு உதவுகிறது. ஆங்கிலத்தில் கைவசம் உள்ள ஆயத்தச் சொற்றொடர்கள் தமிழில் எழுதும்போது தாமாக வந்து விழுவதில்லை என்பதால், கிணற்றில் நீர் எடுத்த நாளின் செய்தி அதில் இடம் பெற்றுவிடுகிறது.